தலைக்குள் உறைந்த ரத்தம்: ஊசியா, கருவியா, எந்த மாத்திரை?

என் தங்கைக்குத் தலைப்பிரசவம் ஆகிப் 11ஆம் நாள் இரவு வலிப்பு வந்தது. அதற்கு முன் நான்கு நாட்களாகவே தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அறுவை செய்து குழந்தையை எடுத்தபோது முதுகில் மயக்க ஊசி போட்டிருந்தார்கள். அந்த ஊசியால் வரும் தலைவலிதான் இது, படுத்தே இருந்தால் போய்விடும் என்று பிரசவம் பார்த்த இடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதுகு ஊசியால் வரும் தலைவலி எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் தணியும். அவளுக்கோ படுத்தால்தான் கூடியது. விடியற்காலையில் வாந்தியும் வந்தது. 18 ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை செய்யும் எனக்கு அந்த வேறுபாடு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

அல்சூரில் இருக்கும் எங்கள் தாய்வீட்டிலிருந்து நள்ளிரவில் அவளைப் பெங்களூரின் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றும், அதன் அருகே ரத்தக் கசிவும் இருக்கிறது என்றும், உடனே ஹெபாரின் தொடங்க வேண்டும் என்றும் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரத்தம் கசிஞ்சிருக்குன்னு அவரே சொல்றாரு, அப்புறம் ரத்தத்தை இளக்குற ஊசி போடறேங்கறாரே, இது என்னடி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்குப் படிப்பறிவாக விடை தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போட வேண்டிய தாள் முன்னால் இருக்கும்போது அந்த அறிவு எவ்வளவு மெலிந்துபோகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அடுத்த ஆறு மாதங்களில் அதுபோலப் பல முடிவுகளை எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் எந்த வழிகள் எதிரெதிரே நின்றன, எதனால் ஒன்றைத் தேர்ந்தோம் என்பதை, இதே நிலையில் நிற்கும் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன். மருத்துவரின் முடிவுக்கு மாற்றாக இதை யாரும் கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். "சைனஸில் அடைப்பு" என்று மருத்துவர் சொன்னதும் என் மைத்துனர் மூக்கடைப்பு, சளி என்றே புரிந்துகொண்டார். இது அந்தச் சைனஸ் அன்று. மூளையில் ஓடி முடித்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்ப, மூளையின் மேலுறை மடிப்புகளுக்கு நடுவே அகலமான வடிகால்கள் இருக்கின்றன. உச்சந்தலையின் நடுக்கோட்டை ஒட்டி ஒன்று முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. பிடரியில் அது இரண்டாகப் பிரிந்து, இரு காதுகளுக்கும் பின்னால் வளைந்து இறங்கி, கழுத்துச் சிரைகளில் சேர்கிறது. அவற்றில் ரத்தம் உறைந்து நின்றால், மழைநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்ட தெருவில் நீர் வீட்டுக்குள் ஏறுவதுபோல், பின்தேங்கிய ரத்தத்தின் அழுத்தம் மூளைத் திசுவுக்குள் ஏறுகிறது. முதலில் வீக்கம், அழுத்தம் மேலும் கூடினால் சின்னஞ்சிறு குழாய்கள் தாங்காமல் ரத்தம் கசிகிறது. நாம் வழக்கமாகக் கேள்விப்படும் பக்கவாதத்தில் தமனி அடைபட்டு மூளைக்கு ரத்தம் வராமல் போகிறது. இங்கே வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் போகிறது.

அம்மாவின் கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. கசிவு என்பது அடைப்பின் விளைவு. அடைப்பு வளர வளரக் கசிவும் வளரும். ஆகவே ஹெபாரின் போடாமல் காத்திருப்பது பாதுகாப்பான வழிபோலத் தோன்றினாலும், ஆபத்தின் ஊற்றைத் திறந்தே விட்டுவிடுகிற வழி அது. ஹெபாரின் கட்டியைக் கரைப்பதில்லை. "இளக்கும் ஊசி" என்ற பேச்சுவழக்கே சற்றுத் தவறானது. அது புதிய உறைவு சேராமல் தடுத்து நிறுத்துகிறது. இருக்கும் கட்டியை உடல் தன் சொந்த முறையிலேயே வாரக்கணக்கில் கரைத்துக்கொள்கிறது.

இது வெறும் தர்க்கம் மட்டும் அன்று. 1991இல் ஜெர்மனியில் ஐன்ஹாய்ப்ல் என்பவரும் அவருடைய குழுவினரும் 20 நோயாளிகளை இரு பிரிவாக்கி, 10 பேருக்கு ஹெபாரினும் 10 பேருக்கு வெற்று மருந்தும் கொடுத்தனர். மூன்று மாத முடிவில் ஹெபாரின் பெற்றவர்களில் 8 பேர் முழுமையாகத் தேறினர், மற்ற இருவருக்குச் சிறு குறை மட்டுமே எஞ்சியது. மற்றப் பிரிவில் ஒருவர் மட்டுமே முழுமையாகத் தேறினார், 3 பேர் இறந்தனர். வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அதே குழு, ஏற்கெனவே மூளையில் கசிவு இருந்தவர்களின் பழைய பதிவுகளையும் எடுத்துப் பார்த்தது. ஹெபாரின் பெற்ற 27 பேரில் 4 பேர் இறந்திருந்தனர்; பெறாத 13 பேரில் 9 பேர் இறந்திருந்தனர். எண்ணிக்கை சிறிது, பதிவு பழையது என்பதெல்லாம் உண்மைதான். 1999இல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஏறத்தாழ 60 பேரிடம் நடத்திய ஆய்வில் வேறுபாடு இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அங்கும் ஊசியால் புதிய கசிவு கூடவில்லை. இன்றைய சிகிச்சை நெறிகள் அனைத்தும் கசிவு இருந்தாலும் ஹெபாரின் தொடங்கச் சொல்கின்றன. இந்த முடிவில் குடும்பம் தயங்கி நேரம் கடத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஒரு விதிவிலக்கு உண்டு. கொரோனாக் காலத்தில் சில தடுப்பூசிகளுக்குப் பின் மிக அரிதாக வந்த, தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் சிறு அணுக்கள்) குறைந்துபோகும் வகை உறைவில் ஹெபாரினைத் தவிர்த்து வேறு மருந்து கொடுத்தார்கள். ஹெபாரினாலேயே தட்டணு குறைபவர்களும் உண்டு. அதனால்தான் ஊசி தொடங்கிய நாட்களில் தட்டணு எண்ணிக்கையை மீண்டும் மீண்டும் பார்க்கிறார்கள்.

ஹெபாரினிலும் இரண்டு வகை. பழைய வகையைச் சிரையில் சொட்டுச் சொட்டாக ஏற்றி, சில மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துச் சோதித்து அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனாக்சபாரின் போன்ற புதிய வகையை உடல் எடைக்கு ஏற்ப ஒருமுறை கணக்கிட்டு, 12 மணிக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கு அடியில் போட்டால் போதும். 2012இல் லக்னோ மருத்துவர்கள் 66 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது பழைய வகையில் 6 பேர் இறந்தனர், புதிய வகையில் எவரும் இறக்கவில்லை. நடைமுறையிலும் புதிய வகையே மேல். அளவு சீராக நிற்கிறது. பழைய வகைக்கு இருக்கும் ஒரே பெரிய நன்மை, சொட்டை நிறுத்தினால் சில மணி நேரத்தில் அதன் வேலை நின்றுவிடும், மாற்று மருந்தும் முழுமையாக வேலை செய்யும் என்பது. நோயாளிக்கு எந்த நேரமும் அறுவை தேவைப்படலாம் என்ற நிலையிலும், சிறுநீரகம் பழுதானவருக்கும் அதைத் தேர்வது சரி. என் தங்கைக்குப் புதிய வகையே போட்டார்கள்.

மூன்றாம் நாள் அவளுக்கு வலது கை சற்று வலுவிழந்ததாகத் தெரிந்தது. அப்போதுதான் அந்த மருத்துவமனையில் வேறொருவர் வந்து, தொடையின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி மூளைவரை கொண்டுபோய் அடைப்பை உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றார். பல லட்ச ரூபாய் செலவு. மாலைக்குள் பணம் கட்டினால் அன்றே செய்துவிடலாம் என்றார்கள். மைத்துனர் தம் கிருஷ்ணகிரி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். குழாயில் அடைப்பு இருந்தால் அடைப்பை எடு என்பது எவருக்கும் இயல்பாகப் படுகிற நியாயம். அதிலும் தமனி அடைபட்ட பக்கவாதத்தில் இதே வகைக் கருவிகள் உயிரையும் கைகாலையும் காப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

சிரை அடைப்பில் கதை வேறு. கட்டி நீளமானது, பல கிளைகளில் பரவியிருப்பது. பெரிய வடிகாலில் வழி திறந்தாலும், அதில் வந்து சேரும் சிறு சிரைகளில் உறைந்திருப்பதைக் கருவியால் எட்ட முடிவதில்லை. இதைச் சீராகச் சோதித்துப் பார்த்த டூ-ஆக்ட் என்ற ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. நெதர்லாந்து, சீனா, போர்ச்சுகல் நாடுகளைச் சேர்ந்த மருத்துவமனைகளில், உணர்வு மங்கியவர்கள், கசிவு உள்ளவர்கள், மூளையின் ஆழத்துச் சிரைகள் அடைபட்டவர்கள் என்று நிலைமை கடுமையாகக்கூடிய 67 பேரைப் பிரித்து, 33 பேருக்கு ஹெபாரினோடு கருவி வழிச் சிகிச்சையும் 34 பேருக்கு ஹெபாரின் முதலான வழக்கமான சிகிச்சை மட்டுமும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் நன்றாகத் தேறியவர்கள் முதல் பிரிவில் 67 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 68 விழுக்காடு. மேலும் தொடர்வதில் பயன் இருக்காது என்று ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். இறந்தவர்கள் கருவிப் பிரிவில் 4 பேர், மற்றதில் ஒருவர். இது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவு வேறுபாடுதான் என்றாலும், கருவிக்குச் சாதகமாக எதுவும் இல்லை.

இதனால் கருவிச் சிகிச்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹெபாரின் முறையாகப் போட்டும் நாளுக்கு நாள் நினைவு மங்கிக்கொண்டே போகிறவருக்கு, வேறு வழி எஞ்சாத நேரத்தில், அனுபவமுள்ள குழு இருக்கிற இடத்தில் அதை முயல்வதை நெறிகளும் அனுமதிக்கின்றன. முதல் வழியாக, ஊசிக்கு இரண்டு நாள் அவகாசம்கூடக் கொடுக்காமல் அதற்குப் போவதற்குத்தான் ஆதாரம் இல்லை. நாங்கள் செய்தது இதுதான்: எம்.ஆர்.ஐ. படங்களின் குறுவட்டை எடுத்துக்கொண்டு மைத்துனரும் நானும் வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் ஓடினோம். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். கூப்பிட்டால் கண் திறக்கிறாளா? நேற்றைய ஸ்கேனைவிட இன்றைய ஸ்கேனில் வீக்கம் கூடியிருக்கிறதா? ஹெபாரின் அளவு அவள் எடைக்குச் சரியாக இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு நாங்கள் திரும்பிப் போய் விடை தேடியபோது, பிரசவத்துக்கு முந்தைய பழைய எடைக்குறிப்பை நம்பி அளவு சற்றுக் குறைவாகப் போடப்பட்டிருந்தது தெரிந்தது. அதைத் திருத்தினார்கள். அடுத்த 48 மணி நேரத்தில் கை தேறத் தொடங்கியது. திருத்தியதால்தான் தேறியது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பத்திரம் அடகுக்குப் போகவில்லை.

மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மூளை வீங்குவதற்கு இடம் கொடுக்கிற அறுவையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அடைப்புக்கான சிகிச்சை அன்று. ஒரு பக்க மூளை வீங்கி மறுபக்கத்தை நெருக்கி, உயிர் போகிற நிலையில் உயிரைப் பிடித்து நிறுத்துகிற சிகிச்சை. 2024இல் வெளியான டீகம்ப்ரஸ்-2 என்ற பன்னாட்டுப் பதிவில் இந்த அறுவை செய்துகொண்ட 118 பேரில் ஓராண்டுக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் இருவர் உயிரோடு இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பிறர் உதவியின்றித் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டார்கள். மூளை நெருக்கப்பட்டு ஒரு கண்பாவை விரிந்துவிட்ட நோயாளிக்கு இந்த எண்கள் எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதை, தங்கையின் அடுத்த படுக்கையில் இருந்த தர்மபுரிக்காரரின் மனைவியிடம் நான் தமிழில் விளக்கிச் சொல்ல நேர்ந்தது. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருந்தது. அவருக்கு இரண்டும் தெரியாது. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து மூளை நோய்களுக்காகப் பெங்களூருக்கு வரும் குடும்பங்கள் அவ்வளவு இருக்கையில், ஒரு தமிழ்ப் படிவம் வைத்திருப்பது பெரிய காரியம் அன்று. அறுவை வேண்டுமா என்ற முடிவுக்கு நாள் கிடையாது, மணிக்கணக்குதான். புரியாத தாளில் அந்த மணிகள் வீணாகக் கூடாது.

ஒரு வாரம் கழித்து எழுந்த கேள்வி எந்த மாத்திரை என்பது. மேற்சொன்னவற்றையெல்லாம்விட வீட்டைச் சார்ந்த முடிவு இதுதான். மருத்துவமனையை விட்டு வெளியே வந்தபின் மாதக்கணக்கில் நாமே நடத்த வேண்டிய சிகிச்சை என்பதால் இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

பழைய வழி வார்ஃபரின். அதன் உறவான அசினோகூமராலை நம் பக்கத்து மருத்துவர்கள் பலர் எழுதுகிறார்கள். அசிட்ரோம் என்ற பெயரில் அறியப்படுவது அதுதான். விலை மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு உடம்புக்கும் அளவு வேறு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற சோதனையில் எண் 2க்கும் 3க்கும் நடுவே நிற்குமாறு அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். எண் 2க்குக் கீழே இறங்கினால் பாதுகாப்பு இல்லை. 3க்கு மேலே ஏற ஏறக் கசிவு ஆபத்து. தொடங்கிய முதல் சில நாட்களில், உறைவைத் தடுக்கிற இயற்கைப் புரதங்களை வார்ஃபரின் முதலில் குறைத்துவிடுவதால், எண் 2ஐத் தாண்டி நிலைக்கும்வரை ஹெபாரின் ஊசியை நிறுத்தக் கூடாது. மாத்திரை கொடுத்துவிட்டோம் என்று ஊசியை மறுநாளே நிறுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

புதிய வழியில் டபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் என்ற மருந்துகள் உள்ளன. அளவு நிலையானது, ஐ.என்.ஆர். வேண்டாம், கீரை சாப்பிடலாமா என்ற கேள்வி இல்லை. 2019இல் வெளியான ரெஸ்பெக்ட் சி.வி.டி. ஆய்வில் 60 பேர் டபிகாட்ரானும் 60 பேர் வார்ஃபரினும் 24 வாரம் உட்கொண்டார்கள். எல்லோருக்கும் முதலில் 5 முதல் 15 நாட்கள் ஹெபாரின் போடப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மாத்திரை ஊசிக்கு மாற்றாக வரவில்லை, ஊசிக்குப் பின் வந்தது. இரு பிரிவிலும் எவருக்கும் மீண்டும் உறைவு வரவில்லை. பெரிய ரத்தக் கசிவு டபிகாட்ரான் பிரிவில் ஒருவருக்குக் குடலில், வார்ஃபரின் பிரிவில் இருவருக்குத் தலைக்குள். 2022இல் வந்த ஆக்‌ஷன் சி.வி.டி. என்ற பெரிய பதிவாய்வு, 845 பேரின் விவரங்களை வைத்து, மறு உறைவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, பெரிய கசிவு புதிய மருந்துகளில் குறைவு என்று கண்டது. இந்திய நிறுவனங்கள் பலவும் தயாரிக்கத் தொடங்கிய பின் விலையும் வெகுவாக இறங்கிவிட்டது.

இவ்வளவும் படித்தால் புதியதையே எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். என் தங்கைக்கு நாங்கள் வார்ஃபரினையே தேர்ந்தோம். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வார்ஃபரின் தாய்ப்பாலில் பொருட்படுத்தத்தக்க அளவில் சேர்வதில்லை என்பது நெடுங்கால அனுபவத்தில் உறுதியானது. எனாக்சபாரின் ஊசியும் அப்படியே. புதிய மருந்துகளைப் பால் கொடுக்கும் தாய்க்குத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எதுவாயினும் பாலை நிறுத்திவிட வேண்டும் என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொன்னார், அது தவறு. மருந்தை மாற்றினால் போதும் என்றிருக்கும்போது பாலை ஏன் நிறுத்த வேண்டும்?

உறைவுக்குக் காரணம் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பணுக் கோளாறு, அதாவது உடலின் எதிர்ப்பணுக்களே ரத்தத்தை உறையவைக்கும் நோய், என்று தெரிந்தவர்களுக்கும் வார்ஃபரினே சரி. அந்தக் கோளாறு தீவிரமாக உள்ளவர்களிடம் ரிவரோக்சபானைச் சோதித்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், அதை உட்கொண்டவர்களுக்கு மீண்டும் அடைப்புகள் கூடுதலாக வந்ததால் ஆய்வையே நிறுத்தினார்கள். கருவுற்றிருப்பவருக்கோ வார்ஃபரினும் கூடாது, புதியவையும் கூடாது; பிரசவம்வரை எனாக்சபாரின் வகை ஊசிதான்.

வலிப்பு மருந்தையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். வலிப்பு வந்தவர்களுக்கு ஃபெனிடாய்னோ கார்பமாசெபினோ கொடுத்தால், அவை கல்லீரலைத் தூண்டிப் புதிய மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அளக்கும் சோதனை வழக்கத்தில் இல்லாததால் குறைந்தது எவருக்கும் தெரியாது. வார்ஃபரினையும் அவை ஆட்டிவைக்கும், ஆனால் ஐ.என்.ஆர். காட்டிக்கொடுத்துவிடும். லெவிடிராசெட்டம் கொடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இன்னும் பெரிய எதிரி. அதை உட்கொள்பவர் புதிய மாத்திரைகளை நம்பியிருக்கவே கூடாது. மறுபக்கம் வார்ஃபரின் உட்கொள்பவர் வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோலோ, படர்தாமரைக்கு ஃப்ளூகோனசோலோ, மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி விழுங்கினால் ஐ.என்.ஆர். சரசரவென்று ஏறிவிடும். எங்கள் கடையில் வார்ஃபரின் வாங்குபவர்களின் சீட்டில் இந்த இரண்டு பெயரையும் சிவப்பு மையில் எழுதித் தருகிறேன்.

கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பதால், கீரை விஷயத்தில் நம் வீடுகளில் அளவுக்கு மீறிய பயம் இருக்கிறது. வார்ஃபரின் உட்கொள்பவர் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள் கீரை உண்பவர் அதே மூன்று நாள் உண்ணட்டும். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றிக்கொண்டே இருந்தால்தான் எண் நிலைக்காது. பிரசவத்துக்குப் பின் கீரையும் நீங்கிவிட்டால் ரத்தசோகை தீராது, ரத்தசோகையும் இந்த உறைவுக்குத் துணை நிற்பதே. இதோடு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று அளந்து அளந்து கொடுக்கிற பத்தியம் எங்கள் வீட்டிலும் நடந்தது. பிரசவத்தை ஒட்டி ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருக்கிறது. அதில் நீரும் வற்றினால் அடைப்புக்கு வழி விடுகிறோம். பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் மருத்துவர் நாகராஜாவும் அவருடைய குழுவினரும் பிரசவத்துக்குப் பின் வரும் இந்த நோயை நெடுங்காலம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் அது அவ்வளவு அதிகம். அம்மா இதைக் கேட்டுவிட்டு அழுதார். அவர்மீது குற்றமில்லை, அவருக்கு அப்படித்தான் செய்தார்கள்.

புதிய மாத்திரை யாருக்கு நல்லது? எங்கள் கடைக்கு வரும் ஓர் இளைஞர், எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் வண்டியோட்டுபவர், இதே நோயில் விழுந்து எழுந்தவர். இரவும் பகலும் மாறி மாறி வேலை; ஆய்வகம் திறந்திருக்கும் நேரத்தில் அவர் உறங்குவார். அவருக்கு எதிர்ப்பணுக் கோளாறு இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, வலிப்பு மருந்தும் லெவிடிராசெட்டம்தான். அவருக்கு டபிகாட்ரான் எழுதியது மிகச் சரி. ஆனால் அந்த மாத்திரையின் வேலை ஏறத்தாழ அரை நாளில் தேய்ந்துவிடும். காலை மாத்திரையும் மாலை மாத்திரையும் ஒரு நாள் தவறினால் அன்று முழுவதும் பாதுகாப்பு இல்லை. வார்ஃபரின் ஒரு நாள் தவறினால் அவ்வளவு உடனடியாக இறங்காது. தவறுவது பழக்கமானால் அடுத்த ஐ.என்.ஆர். சொல்லிவிடும். புதியதில் சொல்ல ஆளில்லை. மறதிக்காரருக்கு எந்த மாத்திரை என்று என்னைக் கேட்டால், கண்காணிப்பு உள்ள பழையதையே சொல்வேன். ஒழுங்காக விழுங்குவார், ஆனால் ஆய்வகத்துக்கு வர முடியாது என்றால் புதியதைச் சொல்வேன். ரிவரோக்சபானைச் சாப்பாட்டோடுதான் உட்கொள்ள வேண்டும், வெறும் வயிற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீணாகும் என்பதும், டபிகாட்ரான் குளிகையைப் பிரித்து நீரில் கலக்கக் கூடாது என்பதும் சீட்டில் எழுதப்படாமலே போகிற விவரங்கள்.

தங்கை கிருஷ்ணகிரியில் புகுந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் ஐ.என்.ஆர். எப்படி நடக்கும் என்ற கவலை எங்களுக்கு இருந்தது. எண் நிலைக்கும்வரை, ஏறத்தாழ இரண்டு மாதம், அவளை அல்சூரிலேயே வைத்துக்கொண்டோம். முதலில் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை சோதித்தோம். எண் அடங்கிய பின் அங்கே ஒரே ஆய்வகத்தில், மாதம் ஒருமுறை, காலையில் ரத்தம் கொடுத்து முடிவை எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள். நான் மருத்துவருக்கு அனுப்புவேன். ஆய்வகத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எண்ணும் தாறுமாறாகும் என்பதால் அதில் மட்டும் பிடிவாதமாக இருந்தோம்.

எவ்வளவு காலம் என்பதில் தேர்வு அவ்வளவு சிக்கலானது அன்று. பிரசவம், கருத்தடை மாத்திரை, தலையில் தொற்று என்று வந்து போகிற காரணம் இருந்தால் 3 முதல் 6 மாதம். காரணம் தெரியாவிட்டால் 6 முதல் 12 மாதம். மீண்டும் மீண்டும் உறைவு வருபவர்களுக்கும் கடும் பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கும் காலவரையின்றி. அந்தப் பரம்பரைக் கோளாறுகளுக்கான விலையுயர்ந்த சோதனைத் தொகுப்பை மருத்துவமனையில் இருந்த முதல் வாரத்திலேயே எடுத்துவிடச் சொன்னார்கள். உறைவைத் தடுக்கும் இயற்கைப் புரதங்களான புரதம் சி, புரதம் எஸ் ஆகியவற்றின் அளவுகள் புதிய உறைவின்போதும், பிரசவத்தை ஒட்டியும், வார்ஃபரின் உட்கொள்ளும்போதும் தாமாகவே குறைந்து காட்டும். அப்போது எடுத்தால் இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். நாங்கள் மாத்திரை நின்று சில வாரம் கழித்தே எடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தன.

2004இல் வெளியான பன்னாட்டு ஆய்வு 624 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தது. அவர்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் முழுமையாக அல்லது ஏறத்தாழ முழுமையாகத் தேறினர். இறந்தவர்கள் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அந்த நோயாளிகளில் நான்கில் மூன்று பங்கு பெண்கள். ஹைதராபாத் நிஜாம் நிறுவனத்தின் 428 பேர் பதிவிலோ ஆண்களே சற்று அதிகம். இது பிரசவித்த பெண்களின் நோய் மட்டும்தான் என்று நினைத்து, குடித்துவிட்டு வெயிலில் வேலை செய்த ஆணின் தலைவலியை எவரும் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக இதையும் குறிக்கிறேன்.

ஈஸ்ட்ரஜன் உள்ள கருத்தடை மாத்திரை என் தங்கைக்கு இனி ஒருபோதும் கூடாது. திருமணம், திருவிழா என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் பெண்கள் கடையில் கேட்டு வாங்கும் நாரெதிஸ்டரோனையும் அவள் தொடக் கூடாது என்று மருத்துவர் எழுதியே கொடுத்தார். மீண்டும் கருவுறலாமா என்று அவள் கேட்டதற்கு, தாராளமாகலாம் என்றார். கரு உறுதியானதிலிருந்து பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம்வரை எனாக்சபாரின் தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அதற்கு வார்ஃபரினை முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். ஆறாம் மாத முடிவில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது உச்சி வடிகாலில் ஒரு பகுதி இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. அது திறக்காவிட்டாலும் பக்கத்துச் சிரைகள் வழியே ரத்தம் போய்க்கொண்டிருப்பதால், படத்தைத் துரத்திக்கொண்டு மாத்திரையை நீட்ட வேண்டியதில்லை என்று அவர் சொன்னார். கண் மருத்துவரிடம் பார்வை நரம்பின் வீக்கம் வடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, அந்த வாரமே வார்ஃபரினை நிறுத்தினோம். ஐ.என்.ஆர். எண்களை எழுதி வைத்த 40 பக்க நோட்டை அவள் இன்னும் கிருஷ்ணகிரி வீட்டில் வைத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அடுத்த கருவுக்கான ஊசியின் பெயரும் அளவும் மருத்துவரின் கையெழுத்தில் இருக்கின்றன.